பச்சை மண்

12.02.2007, திங்கள்

இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவியும் நகக்கண்ணில் மண் போகவில்லை.

இன்றைக்குப் பதினான்கு குழி. மாடசாமி அலவாங்கால் குத்தித் தளர்த்த, நான் துளைக்கோலை இறக்கித் திருகினேன். ஒவ்வொரு குழியிலும் அரை அடியில் ஒரு பை, இரண்டு அடியில் ஒரு பை, நாலு அடியில் ஒரு பை. இலக்கம் போட்டு, படத்தில் இடம் குறித்து, வாய் கட்டி வைத்தோம். ஒப்பிட்டுப் பார்க்க மேட்டில் இருக்கிற பழைய கொக்கோத் தோட்டத்திலிருந்தும் ஒரு பை.

ஆறு வருடமாக மின்கம்பத்தைப் பரிசோதித்து வந்தவளுக்கு இப்போது மண்ணைப் பரிசோதிக்கும் வேலை. கம்பனியில் பாதியை ஒரு வெளிநாட்டுக் கம்பனி வாங்கப் போகிறது. காணிக்குள் என்ன ஊறியிருக்கிறது என்று தெரியாமல் கையெழுத்து வைக்க மாட்டார்களாம். நல்லதுதான். யாராவது கேட்கத்தானே வேண்டும்.

கம்பத்து மரத்தை உரித்து, நீளமான இரும்புத் தாங்கிக்குள் தள்ளி, அழுத்தத்தில் மருந்து ஏற்றுவார்கள். செம்பு, குரோமியம், ஆசனிக் மூன்றும் கலந்த மருந்து. கறையான் கிட்டவும் வராது. ஆட்கள் அதைப் பச்சை மருந்து என்பார்கள். வெளியே எடுத்த மரம் இரண்டு மூன்று நாள் சொட்டிக்கொண்டே கிடக்கும். சொட்டுவதற்கென்று போட்ட சீமெந்துத் தரை நான் சேர்ந்தபோதே வெடித்திருந்தது.

மாடசாமியின் விரல் இடுக்கில் சின்னச் சின்ன வட்டக் குழிகள், பீடியால் சுட்ட மாதிரி. கேட்டேன்.

"மருந்து பட்டா அப்படித்தாங்க மிஸ். நோவு ஒண்ணும் இல்ல. இந்தக் குழியில பச்ச மருந்து நின்னாதான் கொஞ்சம் எரியும்."

கையுறை ஸ்டோரில் இருக்கிறது. அல்மாரிச் சாவி மனேஜர் இராஜசிங்கம் சேரிடம்.

13.02.2007

பைகள் கொழும்புக்குப் போயின. தலையிடி.

18.02.2007, ஞாயிறு

அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து பேசினா. பாதை எப்ப திறக்கும் என்று என்னைக் கேட்கிறா, நான் திறக்கிறவள் மாதிரி. தம்பி குகதாசன் போன ஜூலையில் பத்து நாள் நிற்கிறேன் என்று வந்தவன். ஓகஸ்டில் சண்டை தொடங்கி யாழ்ப்பாணப் பாதையைப் பூட்டினார்கள், இன்னும் என்னோடுதான். அங்கே பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் உதவியாளனாக இருந்தவன், இங்கே எனக்குச் சமைத்துத் தருகிறான். இங்கே தங்கப் பொலிஸில் பதிந்த துண்டு எப்போதும் சட்டைப்பைக்குள்.

"அவனை வெளியிலை விடாதை பிள்ளை" என்றா அம்மா. இருபத்தாறு வயதுப் பெடியனை எப்படிப் பூட்டி வைப்பது?

26.02.2007

முடிவு வந்துவிட்டது.

பத்துக் குழி பரவாயில்லை. நாலு குழி கூடாது. வெடித்த தரைக்குப் பின்னால், சரிவில், ஆட்கள் குடியிருக்கிற லயத்துப் பக்கம். பதினோராம் குழியில் இரண்டு அடி ஆழத்து மண்ணில் ஆசனிக், கொக்கோத் தோட்டத்து மண்ணைப் போல அறுபது மடங்கு. நாலு அடியிலும் குறையவில்லை.

பதினோராம் குழியிலிருந்து லயத்துக் கிணறு முப்பது காலடி. நானே நடந்து எண்ணினேன்.

இராஜசிங்கம் சேர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பிள்ளை, இதை வேறை ஆர் பார்த்தது?"

"ஒருத்தரும் இல்லை சேர்."

"பதினாலு குழி மண்ணையும் ஒண்டாக் கலந்து ஒரே பையா அனுப்பினால் சராசரி வருமல்லோ?"

சராசரி வரும் சேர், ஆனால் நஞ்சு போகாது என்றேன். சிரித்தார். கோபப்படவில்லை.

02.03.2007

பரிந்துரை எழுதிக் கொடுத்தேன். மூன்று பக்கம். நாலு குழியைச் சுற்றியுள்ள மண்ணை வெட்டி எடுக்க வேண்டும். தடித்த பொலித்தீன் விரித்த சீமெந்துத் தொட்டியில் போட்டு மேலே கூரை போட வேண்டும். தரையைப் புதிதாகக் கட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் முதல் லயத்துக் கிணற்றை மூட வேண்டும், குழாய்த் தண்ணீர் கொடுக்க வேண்டும்.

என் ஆங்கிலம் நல்லது என்றார். பிறகு காணிப் படத்தை விரித்து, பேனையை எடுத்து, நாலு குழிக்கும் மேலே ஒரு கோடு இழுத்தார். நேர்க்கோடு. அடிமட்டம் வைத்து இழுத்தார்.

"கோட்டுக்கு இஞ்சாலை எங்கடை காணி. அங்காலை லயத்துச் சனத்துக்கு. எத்தினை வருசமா வீடு கட்டக் காணி கேக்குதுகள்? ஆளுக்கு ஏழு பேர்ச் நிலம். உறுதியோடை குடுப்பம்."

"சேர், அங்கதானே..."

"எங்கடை காணியிலை ஊத்தை இல்லை. அதைத்தான் வாங்கிறவன் கேக்கிறான்."

வீட்டுக்கு வந்து தம்பிக்குச் சொன்னேன். அவன் சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு, "அக்கா, அந்தக் கிணத்துத் தண்ணியை ஆராவது பார்த்தவையோ?" என்று கேட்டான்.

ஒருவரும் பார்க்கவில்லை.

09.03.2007, வெள்ளி

வேலை முடிந்து லயத்துக் கிணற்றில் ஆறு போத்தல் அள்ளினேன். மாடசாமியின் மனைவி அழகாயிதான் வாளி போட்டுக் கொடுத்தாள். எதுக்கு என்று கேட்கவில்லை. "மிஸ் குடிக்கிறதுன்னா மேல் தண்ணிய எடுக்காதீங்க, அடித்தண்ணிதான் ஜில்லுன்னு இருக்கும்" என்றாள்.

உலோகம் போத்தலில் ஒட்டாமல் இருக்க ஒவ்வொன்றிலும் சில துளி நைத்திரிக் அமிலம் விட்டேன். கண்டியில் என்னோடு படித்த ஸக்கியா வேலை செய்கிற ஆய்வுகூடத்தில் சும்மா பார்த்துத் தருவாள். அங்கே அமிலம் முடிந்துவிட்டதாம், கொஞ்சம் கொண்டு வரச் சொன்னாள். கம்பனி ஸ்டோரிலிருந்து ஒரு சின்னப் போத்தல் எடுத்தேன்.

நாளைக்கு எனக்கு வேலை. காணி அளக்க சர்வேயர் வருகிறார். தம்பி தான் கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொல்கிறான். ஒரு மணித்தியால பஸ்தானே.

10.03.2007

தம்பி வரவில்லை.

11.03.2007

கீழ்க் கடை ரவூப் நானாவும் அதே பஸ்ஸில் போயிருக்கிறார். கடை திறக்க முதலே மேலே ஏறி வந்து வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

"தங்கச்சி, சோதனைச் சாவடியில புள்ளய எறக்கிட்டாங்க. பையில போத்தல் இருந்திச்சி. ஒருத்தன் மூடியத் தொறந்து மோந்து பாத்து முகத்தத் திருப்பினான். அதோட சரி." பிறகு, "நான் ஒண்டும் பேசல்ல. பஸ்ஸில யாருமே பேசல்ல. மன்னிச்சிக்கோங்க."

நான்தான் அனுப்பினேன். நான்தானே அனுப்பினனான். அமிலத்தோடை ஒரு யாழ்ப்பாணத்துப் பெடியனை பஸ்ஸில ஏத்தி விட்டனான். எனக்கென்ன விசரா?

12.03.2007

பொலிஸ் நிலையத்து வாங்கில் ஆறு மணித்தியாலம் குந்தியிருந்தேன். பிறகு ஒரு அதிகாரி கூப்பிட்டார். எனக்குச் சிங்களம் தெரியும் என்றதும் குரல் கொஞ்சம் இறங்கியது. அமிலம் எங்கே இருந்து? கம்பனியிலிருந்து. எதற்கு? தண்ணீர் பரிசோதிக்க. அப்படியென்றால் கம்பனியிடம் கடிதம் கொண்டு வா. எங்கள் அமிலம், எங்கள் வேலைக்குத்தான் போனது என்று எழுதினால் போதும்.

ஒரு கடிதம். அவ்வளவுதான்! பஸ்ஸில் வரும்போது அழுகை வந்தது, நிம்மதியில்.

தம்பியைக் காட்டவில்லை.

13.03.2007

"கம்பனி தண்ணி பரிசோதிக்கச் சொல்லேல்லையே பிள்ளை" என்றார் இராஜசிங்கம் சேர். "பிறகு கம்பனி வேலை எண்டு நான் என்னெண்டு எழுதுறது? பொய்யெல்லோ? உண்மையை எழுதிறதெண்டால், ஸ்டோரிலை அமிலம் களவு போனது எண்டுதான் எழுத வேணும்."

நான் நின்றுகொண்டிருந்தேன். இருக்கச் சொன்னார். தேத்தண்ணீர் வரவழைத்தார்.

"நானும் தமிழன்தான். என்ரை மருமகனையும் பிடிச்சு வைச்சிருந்தவங்கள். எனக்கு விளங்கும்."

பிறகு மண் அறிக்கை ஒன்றை என் பக்கம் தள்ளினார். புதுப் படம். புது எல்லை. பத்துக் குழி. நாலு குழி இல்லை. கீழே என் பெயர் அடித்திருந்தது, மேலே கோடு வெறுமையாக.

"இதிலை ஒரு பொய்யும் இல்லை. நல்லா வாசிச்சுப் பாருங்கோ. நீங்கள் உங்கடை உண்மைக்குக் கையெழுத்து வையுங்கோ, நான் என்ரை பொய்க்கு வைக்கிறன்."

நாளை வரை நேரம் கேட்டேன். தம்பிக்கும் நேரம் ஓடுகிறது என்பதை ஞாபகப்படுத்தினார். அன்பாகத்தான் சொன்னார்.

14.03.2007

வைத்தேன்.

15.03.2007

கடிதம் கேட்டேன். "வெளிநாட்டுக்காரர் வந்து பார்த்திட்டுப் போகட்டும். அதுவரைக்கும் பொறுங்கோ" என்றார்.

கையெழுத்து வைக்க முன்னம் இதைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வைத்திருக்க மாட்டேனா? வைத்திருப்பேன்.

02.04.2007

தம்பியை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்களாம். எங்கே என்று சொல்லவில்லை. கொண்டுபோன சாப்பாட்டை வாசலில் இருந்த நாய்க்குக் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தேன்.

அம்மாவுக்கு, தம்பிக்குக் காய்ச்சல், படுத்திருக்கிறான் என்று சொல்லி வைத்திருக்கிறேன். எத்தனை நாளைக்குக் காய்ச்சல்?

17.04.2007

வெளிநாட்டுக்காரர் இரண்டு பேர். ஒரு ஆண், ஒரு பெண். நான்தான் சுற்றிக் காட்டினேன். தரையின் வெடிப்பெல்லாம் போன கிழமையே பூசியாயிற்று. பத்துக் குழி இடத்தையும் காட்டினேன். அந்தப் பெண் கெட்டிக்காரி. ஒவ்வொரு குழிக்கும் ஆழம் கேட்டு எழுதினாள். புதுக் கம்பி வேலிக்கு அப்பால் பார்த்து, அங்கே தரை ஏன் பச்சையாக இருக்கிறது என்று கேட்டாள்.

பாசி என்றேன். மழை கூடின ஊர் என்றேன்.

தலையாட்டினாள். பிறகு என்னையும் மாடசாமியையும் துளைக்கோலோடு நிற்கவைத்துப் படம் எடுத்தாள். மாடசாமி கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

இராஜசிங்கம் சேர் எனக்குப் பின்னால் நின்றார். பாசி என்று அவர் சொல்லித் தரவில்லை. அது என் வாயில் தானாக வந்தது.

20.04.2007

கடிதம் கையில் கிடைத்தது. ஐந்து வரி.

25.04.2007

தம்பி வந்துவிட்டான். நாற்பத்தாறு நாள். பிணை மட்டும்தான், வழக்கு முடியவில்லை. ஒவ்வொரு தவணைக்கும் போக வேண்டும்.

வலது காலை இழுத்து நடக்கிறான். சட்டையைக் கழற்ற மாட்டேன் என்கிறான். கேட்டேன்.

"ஒண்டும் இல்லை அக்கா. போத்தலிலை என்ன எண்டு கேட்டவங்கள். தண்ணி எண்டன். அப்ப குடி எண்டாங்கள்."

குடிச்சனியோ?

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டான்.

05.08.2007, ஞாயிறு

காணி உறுதி கொடுக்கும் விழா. ஒன்பது குடும்பம். பந்தல், வாழைமரம், ஒலிபெருக்கி. எல்லைக் கல்லுக்கெல்லாம் மஞ்சள் பூசியிருந்தார்கள். ஒவ்வொருவராக மேடையில் ஏறி வாங்கினார்கள். அழகாயி உறுதியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவள் ஆட்கள் நாலு தலைமுறையாக லயத்துக் காம்பராவில் பிறந்து செத்தவர்கள். சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடைத்தது இன்றைக்குத்தான்.

மாடசாமி மாலையோடு என்னிடம் வந்தார். "மிஸ் மண்ணப் பாத்து எழுதுனதாலதான் காணி பிரிச்சுக் குடுத்தாங்கன்னு தொரை மைக்கில சொன்னாருங்க. ஒங்கள மறக்க மாட்டோம்."

முதலாம் இலக்கத் துண்டு அவர்களுக்கு. பதினோராம் குழி அதற்குள்தான்.

15.01.2008, பொங்கல்

வரமாட்டேன் என்று எத்தனையோ சாட்டுச் சொல்லிப் பார்த்தேன். மாடசாமி பஸ் நிலையத்துக்கே வந்து கூட்டிக்கொண்டு போனார். இரண்டு அறை, ஒரு குசினி, தகரக் கூரை. லயத்தை இடித்துவிட்டார்கள். மருந்தேற்றிய கம்பத்தின் வெட்டுத் துண்டுகளைக் கம்பனி இலவசமாகக் கொடுத்திருக்கிறது. வீட்டு வளை, ஆட்டுக் கொட்டில், வேலிக்கால் எல்லாம் அதில்தான். மிச்சத்தை அடுப்புக்கு அடுக்கியிருந்தார்கள். முற்றத்துப் பொங்கல் அடுப்பிலும் அதுதான் எரிந்தது.

அழகாயிக்கு ஐந்து மாதம். எட்டு வருடத்துக்குப் பிறகு தங்கின பிள்ளை. வஹகோட்டைக் கோயிலுக்கு நேர்த்தி வைத்திருக்கிறாளாம்.

"இந்தக் கட்டையை எரிக்காதீங்க" என்றேன்.

"ஏங்க மிஸ்?"

மாடசாமி என்னைப் பார்த்தார். அக்கம்பக்கத்துச் சனமெல்லாம் நின்றது. "புகை கண்ணுக்குக் கூடாது" என்றேன்.

அழகாயி சிரித்தாள். "எங்க கண்ணு பாக்காத பொகையாங்க?"

வாழையிலையில் பொங்கல் வைத்தாள். சாப்பிட்டேன். இன்னும் கொஞ்சம் என்று போட்டாள். அதையும் சாப்பிட்டேன்.

11.02.2008

மாடசாமியின் இரண்டு ஆடும் செத்துவிட்டன. ஒரே நாளில், வாயில் நுரை தள்ளி. குசினிக்குப் பின்னால் கொட்டின சாம்பலை நக்கிக்கொண்டு நின்றனவாம். உப்புக் கரிக்கும் என்று ஆடு சாம்பலை நக்கும்.

பார்க்கப் போகிற சாட்டில் ஒரு பிடி சாம்பலைத் தாளில் மடித்து எடுத்து வந்தேன். அழகாயி அதே சாம்பலை எடுத்துப் பானை துலக்கிக்கொண்டிருந்தாள். மசக்கையிலிருந்து சாம்பல் என்றால் தனக்கு உயிர் என்றாள். பல் விளக்குகிற சாட்டில் ஒரு வாய் தின்றுவிடுவாளாம். சொல்லிவிட்டு வெட்கப்பட்டாள்.

"இனித் தின்னாதீங்க, வயிற்றுக்குக் கூடாது" என்றேன்.

"மிஸ் கல்யாணம் கட்டாதவங்க. ஒங்களுக்குத் தெரியாது" என்றாள்.

20.02.2008

சாம்பலைச் சோதித்த ஸக்கியா தொலைபேசியில் எடுத்த எடுப்பில், "மங்கை, இது யார் வீட்டு அடுப்பு?" என்று கேட்டாள். ஆசனிக் அளவைச் சொன்னாள். எழுதவே கை வரவில்லை.

"ஒடனே போய்ச் சொல்லு. இண்டைக்கே."

தம்பியின் தவணை வருகிற ஏழாம் தேதி. கம்பனிக் கடிதம் அன்றைக்கு நீதிமன்றத்தில் வேண்டும். இராஜசிங்கம் சேர் அன்றைக்கு வர வேண்டும். ஏழாம் தேதி முடியட்டும். பதினாறு நாள்தானே. அவளிடம் தின்னாதே என்று சொல்லித்தானே வந்தேன்.

03.03.2008

மாடசாமி வேலைக்கு வரவில்லை. அழகாயியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறார்களாம்.

04.03.2008

பிள்ளை தங்கவில்லை.

வேலையால் நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாடசாமி வெளியே மதிலோரம் குந்தியிருந்தார். "பச்ச மண்ணுங்க மிஸ்" என்றார். "என் ரெண்டு கையிலயும் அடங்கிப் போச்சு." அந்தக் கைகளை நீட்டிக் காட்டினார்.

டாக்டர் காரணம் சொல்லவில்லை. சாம்பல்தான் என்று என்னால் நிரூபிக்க முடியாது. இல்லை என்றும் முடியாது. பன்னிரண்டு நாள் எனக்குத் தெரிந்திருந்தது. இல்லை, ஒரு வருடம்.

07.03.2008

தவணை. கடிதத்தை ஏற்றுக்கொண்டார்கள். அடுத்தது ஜூனில்.

09.03.2008, ஞாயிறு

போய்ச் சொன்னேன். எல்லாம் சொன்னேன். குழி, கோடு, கையெழுத்து, கிணறு, கட்டை, சாம்பல். தம்பியையும் சொன்னேன். மாடசாமி குறுக்கே பேசவில்லை. அழகாயி பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கடைசியில் எழுந்து உட்கார்ந்தாள்.

"எத்தன நாளா தெரியும் ஒங்களுக்கு?"

"ஒரு வருசம்."

"பொங்கலன்னிக்கு இங்கன ஒக்காந்து சாப்பிட்டீங்களே."

ஓம் என்று தலையாட்டினேன்.

"ரெண்டாந்தரம் போட்டேன். வேணாம்னு சொல்லாம சாப்பிட்டீங்களே மிஸ். ஒங்க தம்பி வந்துட்டாருல்ல வீட்டுக்கு? நல்லா இருக்காருல்ல?"

கிணற்றை உடனே மூடச் சொன்னேன். சுகாதாரக் கந்தோருக்கு எழுதுவோம், நானே எழுதிக் கையெழுத்து வைக்கிறேன் என்றேன். அப்போதுதான் மாடசாமி வாயைத் திறந்தார்.

"எழுதாதீங்க. எழுதினா, இது குடியிருக்கத் தோதில்லாத காணின்னு எடுத்துக்குவாங்க. லயமும் இல்ல. ஒம்பது குடும்பத்தோட எந்த ரோட்டுல போயி நிக்கிறது? கட்டைய எரிக்க மாட்டோம். தண்ணி ஊத்துப் பீலியில அள்ளிக்கிறோம். நீங்க போங்க."

வாசலில் செருப்பு மாட்டும்போது உள்ளே அழகாயி அழுதது கேட்டது. என் முன்னால் அழக்கூடாது என்று அடக்கி வைத்திருந்திருக்கிறாள்.

12.03.2008

இராஜசிங்கம் சேருக்குத் தெரிந்துவிட்டது. யார் சொன்னார்களோ. ஒன்பது வீடு, ஒரு சுவருக்கும் காது இல்லாமலா?

"நீங்கள் களைச்சுப் போனீங்கள் பிள்ளை. விலகல் கடிதம் தாங்கோ, நல்ல சான்றிதழ் எழுதித் தாறன்." பிறகு சொன்னார்: "உங்கடை தம்பிக்கு ஆய்வுகூட வேலை தெரியுமல்லோ? அவரை அனுப்புங்கோ. கம்பனி அடையாள அட்டை இருந்தால் சாவடியிலை ஒருத்தனும் கை வைக்க மாட்டான். வழக்கும் முடியேல்லை. என்ரை கடிதத்தை நான் திருப்பி எடுக்கிற மாதிரி வந்திடக்கூடாது, பாருங்கோ."

தம்பியை விடமாட்டேன் என்று நினைத்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன். அவன் கேட்டுவிட்டு, "போட்டோ போட்ட அட்டையோ?" என்றான். பதினொரு மாதமாகத் தவணைக்கு மட்டும் வாசற்படி தாண்டினவன்.

01.04.2008

தம்பி வேலைக்குப் போனான். வேலையை விட்ட நான் படிக்கட்டில் நின்று பார்த்தேன்.

16.11.2008

வீட்டில் ஓ.எல். பரீட்சைப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். இன்று வகுப்பு முடிகிற நேரம் மாடசாமி வந்தார். இளைத்துப் போயிருந்தார். பீலி வரண்டு மூன்று மாதமாம், திரும்பக் கிணற்றுத் தண்ணீர்தானாம். நாலாம் வீட்டுக் கிழவருக்கு உள்ளங்கை முழுதும் ஆணி ஆணியாக எழும்பியிருக்கிறதாம். பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் நிற்பதில்லையாம்.

"அன்னிக்கு எழுதுறேன்னு சொன்னீங்கள்ல மிஸ். இப்ப எழுதிக் குடுங்க. எல்லாரும் கைநாட்டு வைக்கிறோம். காணி போனாலும் போகட்டும்."

வன்னியில் சண்டை நெருக்கிக்கொண்டிருக்கிறது. இங்கே கிழமைக்கு இரண்டு பெடியன்களாவது காணாமல் போகிறார்கள். தம்பியின் வழக்குக் கோவை இன்னும் மேசையில்தான்.

"என்னால ஏலாது" என்றேன்.

அவர் கொடியில் காய்ந்த சட்டையைப் பார்த்தார். சட்டைப்பையில் கம்பனிச் சின்னம்.

"தம்பி சட்டைங்களா?"

ஓம் என்றேன்.

இறங்கிப் போனார். ரவூப் நானா கடையில் ஒரு பேனையும் நாலு முழுத்தாளும் வாங்கினாராம். நானா பிறகு சொன்னார்.

19.05.2009

சண்டை முடிந்ததென்று வீதியெல்லாம் வெடி. கம்பனியில் எல்லோருக்கும் பாற்சோறு கொடுத்தார்களாம். தம்பியும் சாப்பிட்டானாம். தொலைபேசியில் அம்மாவின் மூச்சு மட்டும் கேட்டது.

21.06.2009, ஞாயிறு

மாடசாமி ஆட்கள் தாங்களே எழுதியிருக்கிறார்கள். தமிழில், நாலு தாளில், ஒன்பது கைநாட்டோடு. எங்கெங்கேயோ சுற்றி அந்தக் கடிதம் வெளிநாட்டுக் கம்பனிக்காரியின் கைக்கே போய்விட்டது. அன்றைக்குப் படம் எடுத்த பெண்ணாகத்தான் இருக்க வேண்டும். வேலிக்கு வெளியே, ஒன்பது வளவிலும் மண் எடுத்து அனுப்பச் சொல்லி உத்தரவு வந்திருக்கிறது. எடுத்து அனுப்பி, அறிக்கையில் கையெழுத்து வைக்கப்போகிறவன் என் தம்பி.

இராஜசிங்கம் சேர் அவனைக் கூப்பிட்டு ஒன்றுமே சொல்லவில்லையாம். அடுத்த தவணை எப்போது என்று மட்டும் கேட்டாராம்.

மத்தியானம் தம்பி ஒரு உரப்பையோடு வந்தான். கொக்கோத் தோட்டத்து மண். குசினி நிலத்தில் பேப்பர் விரித்துக் கொட்டினான். ஒன்பது வளவு, மூன்று ஆழம், இருபத்தேழு பை.

"உங்களுக்குப் படத்திலை ஒரு கோடு இழுத்துத் தந்தவங்கள் அக்கா, எனக்குக் கோடு இல்லை, மண்ணைத்தான் மாத்த வேணும்" என்றான். "எனக்குத் திரும்ப உள்ளை போய் இருக்க ஏலாது."

நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். அவன் ஒவ்வொரு பையாக நிரப்புவதைப் பார்த்தேன். எல்லாம் ஒரே நிறம். ஒரே ஈரம். நாலு அடி என்று குறித்த பைக்குள்ளும் கொக்கோச் சருகு கிடந்தது. கொழும்பு ஆய்வுகூடத்தில் பையைத் திறந்த உடனேயே பிடித்துவிடுவார்கள். பிடித்தால் கடிதம் போய்விடும். கடிதம் போனால் தம்பி.

கையைத் துடைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தேன்.

"சருகைப் பொறுக்கு. அரை அடிப் பையிலை மட்டும் கொஞ்சம் கிடக்கட்டும். நாலு அடிக்கு ஆத்தங்கரையிலை போய் மஞ்சள் மண் எடு. எல்லாத்துக்கும் ஒரே அளவு ஈரம் வைக்காதை. முழுக்கச் சுத்தமா வந்தாலும் நம்ப மாட்டினம். வேலியோரத்து மண் ஒரு சிரட்டை எடுத்து, இருபத்தேழுக்கும் பிரிச்சுக் கல."

"சரி அக்கா."

பின்னேரம் ஆற்றங்கரைக்குப் போய் வந்தான். கலந்து கட்டி முடிய விளக்கு வைக்கிற நேரம். பைகளில் வளவுக்காரர் பெயரைச் சிங்களத்தில் எழுத வேண்டுமாம். அவனுக்குச் சிங்களம் எழுத வராது.

பேனையை வாங்கினேன். முதலாம் பையில் மாடசாமி என்று எழுதினேன்.